பாதைக்குத் தகுதி

குலசிங்கத்தின் ஜீப்புக்கு ஹாண்ட் பிரேக் இல்லை என்று யாராவது சொன்னால் மனுசனுக்குப் பொல்லாத கோபம் வரும். ஹாண்ட் பிரேக் இருக்கிறது, அது பிடிக்காது, அவ்வளவுதான் என்பார். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், கேட்டவருக்கு வாகனத்தைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது என்று சொல்லி அந்தக் கதையை முடித்துவிடுவார்.

ஏழு பேர் இருக்கக்கூடிய ஜப்பான் ஜீப் அது. முதலில் கொழும்பில் ஒரு டொக்டர், பிறகு குருநாகலில் ஒரு தேங்காய் வியாபாரி என்று இரண்டு பேர் ஆசை தீர ஓடி முடித்த பிறகுதான் தொண்ணூற்று மூன்றில் திருகோணமலையில் குலசிங்கத்தின் கைக்கு வந்தது. சண்டைக் காலம், எண்ணெய் கிடைக்காது, திரும்பின பக்கமெல்லாம் வாகனம் மறிக்கிற ஆமிக்காரரின் சென்றி, பொழுது பட்டால் றோட்டில் நாயும் இல்லை. இந்தக் காலத்தில் புத்தியுள்ளவன் எவனாவது ஜீப் வாங்குவானா என்று மனைவி புஷ்பவதி கேட்டாள். ஓர்ஸ் ஹில்லில் வீடு, அரசாங்கக் கந்தோரில் உத்தியோகம், இரண்டு பெண் பிள்ளைகள், இதெல்லாம் இருக்கிற மனுசன் சைக்கிளிலா போவது என்று குலசிங்கம் திருப்பிக் கேட்டார்.

வாங்கி வந்த அன்றைக்கே ஹாண்ட் பிரேக்கின் குணம் தெரிந்துவிட்டது. அதற்கென்று ஒரு முதிரைக் கட்டை வெட்டுவித்தார்கள். ஜீப் நின்றதும் இடது பக்கக் கதவைத் திறந்து, கட்டையோடு குதித்து, ஓடிப்போய்ப் பின் சில்லுக்கு அணைவாக வைக்க வேண்டும். வைக்கிற ஆள் புஷ்பவதி. கியரில் போட்டு விட்டால் நிற்காதா என்று கேட்பீர்கள். நிற்கும், அரை நிமிடம். பிறகு ‘டொக்’ என்று கியர் தன்பாட்டில் கழன்றுவிடும். அதற்குள் கட்டை போய்ச் சேராவிட்டால், ஜீப் தனக்கு விருப்பமான பக்கம் புறப்பட்டுவிடும்.

சென்றி கண்ட இடமெல்லாம் நிற்க வேண்டிய காலம் அது. சந்தைக்கு ஒருக்கால் போய் வந்தால் அந்த மனுசி எட்டுத் தரம் குதித்தாள், அதுவும் சேலையோடு. ஆமிக்காரருக்கே அது பழகிப்போய், தூரத்தில் ஜீப்பைக் கண்டதும் ‘கட்டை நோனா வாறா’ என்று தங்களுக்குத் தெரிந்த தமிழில், அம்மாவுக்கு நோனா என்ற தங்கள் சொல்லையும் கலந்து, சொல்லிச் சிரிப்பார்கள். கேபிள் ஒன்று மாற்றினால் சரி, கொழும்பிலிருந்து எடுப்பிக்கலாம் என்று கராஜ்காரர் சொன்னார். பார்ப்பம் என்று குலசிங்கம் சொன்னார். பார்த்துக்கொண்டே நாலு வருசம் போயிற்று. பிடிக்கிற ஹாண்ட் பிரேக் ஒன்று பக்கத்துச் சீற்றில் இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று மனுசன் உள்ளுக்குள் நினைத்திருப்பார். வாய் திறந்து சொல்ல அவருக்கென்ன விசரா.

இனி, வெளியூர்க்காரருக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் பாதை என்றால் றோட்டு இல்லை. றோட்டு றோட்டுத்தான். பாதை என்பது தண்ணீரில் போகிற சாமான். பெரிய இரும்புத் தட்டு ஒன்று மிதந்துகொண்டு நிற்கும், அதில் சனம், ஆடு, அரிசி மூட்டை, லொறி எல்லாவற்றையும் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோவார்கள். திருகோணமலையிலிருந்து கிண்ணியாவுக்கு நேரே போவதென்றால் பாதை ஏறத்தான் வேண்டும். ‘பாதை அந்தப் பக்கம் போட்டுது, இனி வர அரை மணித்தியாலம் செல்லும்’ என்று இங்கே ஒருத்தர் சொன்னால் அவருக்குத் தலை பழுதில்லை.

புஷ்பவதிக்கு உயிரை எடுத்தது அந்தப் பாதைதான். அவளுடைய அக்கா அன்னலட்சுமி கிண்ணியாவுக்கு அப்பால் ஆலங்கேணியில் இருந்தாள். அக்கா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் ஈர இரும்பில் சறுக்கிச் சறுக்கிக் கட்டை வைக்க வேண்டும். இரண்டு பக்கமும் தண்ணீர், மேலே ஜீப்புக்குள் பிள்ளைகள். அக்கரை போய்ச் சேரும்வரை கட்டையில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு முருகா முருகா என்று நிற்பாள். குலசிங்கம் சீற்றில் இருந்து காற்று வாங்குவார்.

தொண்ணூற்றேழாம் ஆண்டு, பள்ளிக்கூடம் விடுமுறை விட்ட கிழமை, கோயிலுக்குப் போய்த் திரும்பும்போதுதான் அந்தக் கூத்து நடந்தது. ஓர்ஸ் ஹில் ஏற்றத்துச் சென்றியில் அன்றைக்கு நின்றவன் புது ஆமிக்காரன். கோயில் சேலையில் ஊத்தை படக்கூடாதென்று புஷ்பவதி கட்டையைப் பழந்துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். ஜீப் நின்றதும் நிற்காததுமாகக் கதவு திறக்கிறது, ஒரு பொம்பிளை துணியில் சுற்றின ஏதோ ஒன்றோடு பாய்ந்து வருகிறாள். அவன் என்ன நினைப்பான்? கையைத் தூக்கு என்று சிங்களத்தில் கத்திக்கொண்டு மண் மூட்டைக்குப் பின்னால் விழுந்தான். அவள் கட்டையைப் போட்டுவிட்டுக் கையைத் தூக்கினாள். குலசிங்கமும் தூக்கினார். மனுசன் பயத்தில் கையோடு சேர்த்துக் காலையும் தூக்கிவிட்டார், பிரேக்கில் இருந்த காலை. ஜீப் பிள்ளைகளோடு பின்னால் உருண்டு, தார்ப் பீப்பா ஒன்றை நெரித்துக்கொண்டு நின்றது.

நல்ல காலம், ஒருவருக்கும் ஒரு கீறலும் இல்லை. ஆனால் புஷ்பவதியை ஒன்றரை மணித்தியாலம் வெயிலில் நிறுத்தி வைத்தார்கள். குண்டு பார்க்கிறவர்கள் வந்து, நூறு யார் தள்ளி நின்று, கயிறு போட்டு இழுத்து, கடைசியில் கட்டையைக் கோடரியால் இரண்டாகப் பிளந்து பார்த்தார்கள். உள்ளே முதிரைதான் இருந்தது. எல்லாம் முடிந்து அவளை விட்டபோது, முகமெல்லாம் கறுத்து, உதடு காய்ந்து நடந்து வந்தவளிடம் அவள் புருசன் முதல் முதல் கேட்ட கேள்வி, “கட்டையைப் பிளந்துபோட்டாங்களே, இனி வேறை கட்டைக்கு எங்கை போறது?”

புஷ்பவதி கட்டைத் துண்டுகளைத் தாண்டி நடந்து வீட்டுக்குப் போனாள். அடுத்த நாள் காலமை உடுப்புப் பையோடும் பிள்ளைகளோடும் பஸ் ஏறிப் பாதையடிக்குப் போனாள். குலசிங்கம் கட்டையில்லாத ஜீப்பை விட்டுவிட்டுப் பின்னால் சைக்கிளில் போய், எப்ப வருவீர் என்று கேட்டார். அவள் பாதையில் ஏறி நின்றுகொண்டுதான் பதில் சொன்னாள்.

“அந்தச் சனியன் ஜீப் பாதைக்குத் தகுதி எண்டு ஒரு ஓபிசர் பாத்துக் கையெழுத்துப் போட்டுத் தரட்டும். அந்தக் கடிதத்தோடை வாங்கோ, வாறன். இல்லாட்டி வரவேண்டாம்.”

சும்மா கோபத்துக்குச் சொல்கிறாள், ஏழு நாளில் கிழமை முடிய வந்துவிடுவாள் என்று இருந்தார். கிழமை முடிந்தது. வீட்டில் சோறு ஒரு நாள் குழைந்தது, ஒரு நாள் கருகியது. பிள்ளைகளின் சத்தமில்லாமல் விறாந்தை வெறிச்சோடிக் கிடந்தது. இரண்டாம் கிழமை மாம்பழம் வாங்கிக்கொண்டு பாதை ஏறி ஆலங்கேணிக்குப் போனார். அவள் மாம்பழத்தை வாங்கினாள், தேத்தண்ணி கொடுத்தாள், ஓபிசர் கையெழுத்துப் போட்டாரோ என்று கேட்டாள். இல்லை என்றதும் குசினிக்குள் போய்விட்டாள். திரும்பிப் பாதை ஏறினார். இவள் உண்மையாகவே வராமல் விட்டுவிடுவாளோ என்று முதல் தரமாகப் பயந்தார்.

அந்த நேரத்தில்தான், பீப்பா நெரிந்த விசயமாக ஜீப்பை மோட்டார் வாகனப் பரிசோதகரிடம் காட்ட வேண்டும் என்று பொலிசிலிருந்து கடிதம் வந்தது. வேறு ஆளென்றால் தலையில் கை வைத்திருப்பான். குலசிங்கம் சாமி கும்பிட்டார். புஷ்பவதி கேட்ட ஓபிசர் தானாகவே கிடைத்துவிட்டாரே.

பரிசோதகர் பாக்கியரத்தினம் மாத்தளைக்காரர். இங்கே மாற்றலாகி வந்து இரண்டு கிழமைதான். மெலிந்த மனிதர், காதில் பென்சில், கையில் எழுதுகிற மட்டை. கராஜ்காரர் கட்டியிழுத்து வந்து கந்தோர் முற்றத்தில் விட்ட ஜீப்பைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். பிறகு எதிர்ப் பக்கமாகவும் ஒரு தரம் நடந்தார். முதல் தரம் பார்த்ததை நம்பவில்லை போலும்.

ஹோர்ன் அடிக்கச் சொன்னார். குலசிங்கம் அமத்தினார், சத்தம் இல்லை. ஆனால் இடது பக்கம் திருப்பினால் தானாக அடிக்கும் என்று சொல்லித் திருப்பியும் காட்டினார். திரும்பும்போது அடிக்கத்தானே வேணும் என்று நியாயமும் சொன்னார். சிக்னல் போடச் சொன்னால் வைப்பர் ஆடியது. வைப்பரைப் போட்டால் என்ன நடக்கும் என்று பரிசோதகர் கேட்டார். அது மழைக்காலத்தில்தான் தெரியும் என்றார் குலசிங்கம். ஸ்டியரிங்கை அரைவாசி சுற்றிய பிறகுதான் முன் சில்லு அசையலாமா என்று யோசித்தது. பின் கதவை நைலோன் கயிறு பிடித்துக்கொண்டு நின்றது. பின் சீற்றுக்குக் கீழே தகரம் உக்கி, ஒரு சிரட்டையளவு ஓட்டை. அதால்தான் சின்னவளின் சப்பாத்து ஒன்று தம்பலகாமத்துக்குக் கிட்ட விழுந்து போனது. ரயர் நாலும் தேய்ந்து மொட்டை. எஞ்சினைக் கிளப்பச் சொல்லிவிட்டுப் பரிசோதகர் பின்னால் போய் நின்றார். பிறகு கொஞ்ச நேரம் அவர் எங்கே நிற்கிறார் என்று தெரியவில்லை. புகைக்குள் இருமல் மட்டும் கேட்டது.

இருமி முடித்து வந்து, ஹாண்ட் பிரேக்கைப் போடுங்க என்றார்.

“அது இப்ப இல்லை ஐயா,” என்றார் குலசிங்கம். “ஆலங்கேணிக்குப் போட்டுது.”

“திருத்தக் குடுத்திருக்கீங்களா? எப்ப வரும்?”

“அதுதான் ஐயா உங்கடை கையில இருக்கு.”

பரிசோதகர் பென்சிலைக் காதில் செருகினார். குலசிங்கத்துக்கு மூன்று கிழமையாக இதைச் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. எல்லாவற்றையும் கொட்டினார். கட்டை, குதித்தது, பிளந்தது, மனுசி பையோடு பாதை ஏறினது, ஒன்றையும் மறைக்கவில்லை. நாலு வருசமாய் அவ ஒரு நாளும் பிழைவிட்டதில்லை ஐயா, சில்லு ஒரு விரல் அரக்கினதில்லை என்றும் சொன்னார். பரிசோதகர் பென்சிலைத் திரும்ப எடுத்து மட்டையில் ஏதோ எழுதினார்.

பொலிசுக்குப் போகிற அறிக்கை இங்கிலீசில், கடித உறையில் போட்டு ஒட்டி நேரே அங்கே போய்விடும். மனுசிக்குக் காட்டத் தமிழில் ஒரு கடிதம் வேணும் ஐயா, இது பாதைக்குத் தகுதியோ இல்லையோ என்று வடிவாய் எழுதி, சீலும் குத்தித் தாருங்கோ என்று குலசிங்கம் கெஞ்சினார். நல்ல மனுசன், உடனே உள்ளே போய் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தார். குலசிங்கம் மேலே இருந்ததை விட்டுவிட்டுக் கடைசி வரிக்கு ஓடினார். ‘மேற்கூறிய காரணங்களால் இவ்வாகனம் பாதைக்குத் தகுதியற்றது.’

மனுசனுக்கு முகம் விழுந்துவிட்டது.

“நல்லாக் கேட்டுக்குங்க,” என்றார் பரிசோதகர். “இதைப் பாதையில எடுக்கவே கூடாது. உயிராபத்து.”

“எடுக்கமாட்டன் ஐயா, சத்தியமாய். சுத்தித்தான் கொண்டுபோவன்.”

இழுத்துக்கொண்டு போவதைத்தான் ஏதோ இந்த ஊர்ப் பேச்சில் சொல்கிறார் என்று பரிசோதகர் நினைத்திருக்க வேண்டும். தலையை ஆட்டிவிட்டு அடுத்த லொறியைக் கூப்பிட்டார்.

அன்று மத்தியானம் முழுக்கக் குலசிங்கம் கடிதத்தையும் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்து யோசித்தார். பாதைக்குத் தகுதியில்லை. சரி. றோட்டைப் பற்றி ஓபிசர் ஒரு சொல்லும் எழுதவில்லையே? குறை இருந்தால் எழுதாமல் விடுகிற ஆளா அவர், சப்பாத்து விழுந்த ஓட்டையைக்கூட அளந்தவர். ஆகவே றோட்டுக்கு ஒரு கரைச்சலும் இல்லை. பாதை ஏறாமல் ஆலங்கேணிக்குப் போக வழி இருக்கிறதா? இருக்கிறது. கந்தளாய்க்குப் போய், அங்கே திரும்பி, சூரங்கல் வழியாகக் கிண்ணியாவுக்கு வரலாம். பாதையால் போனால் ஒரு மணித்தியாலம், சுற்றிப் போனால் எழுபது கிலோமீற்றர். அவள் பயந்தது பாதைக்கு. பாதையைத் தொடாமலே வீட்டுக்குக் கூட்டி வருகிறேன் என்றால் என்ன சொல்லப் போகிறாள்? மனுசனுக்குத் தன் மூளையை நினைக்கத் தனக்கே பெருமையாக இருந்தது.

அடுத்த நாள் விடியப் புறப்பட்டார். புதுக் கட்டை ஒன்று வெட்டுவித்து, இந்த முறை ஒரு பிசகும் வரக்கூடாதென்று அதில் வெள்ளைப் பெயின்றால் ‘கட்டை’ என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தார்.

அவரை மறித்த முதல் சென்றி சீனக்குடாவில். ஜீப்பை நிறுத்தி, பக்கத்துச் சீற்றைப் பார்த்தார். அதில் கட்டை மட்டும் இருந்தது. அப்போதுதான் விசயம் உறைத்தது. கட்டையை எடுத்துக்கொண்டு, தன் பக்கக் கதவைத் திறந்து, குதித்து, பின்னால் ஓடினார். சில்லடிக்குப் போய்ச் சேரவும் ‘டொக்’ என்று கியர் கழன்றது. கட்டை அரைவாசி போனது, மிச்சத்துக்குக் காலைக் கொடுத்துத் தள்ளினார். ஆமிக்காரன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். குலசிங்கம் மூச்சு வாங்க வாங்கக் கடிதத்தை நீட்டினார்.

அவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, ஆனால் ஊதா நிறச் சீல் பெரிதாகத் தெரிந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டான். குலசிங்கம் உள்ளதை உள்ளபடி சொல்கிற மனுசன். எங்கள் பாதையைச் சிங்களத்தில் ‘பாருவ’ என்பார்கள். இந்த வாகனத்தைப் பாருவையில் ஏற்றக்கூடாது என்று அரசாங்கம் எழுதியிருக்கிறது என்றார். ஆமிக்காரன் முன்னாலும் பின்னாலும் பார்த்தான். சுற்று வட்டாரத்தில் பாருவையைக் காணவில்லை. போ என்று கையைக் காட்டினான்.

போவது லேசா? கட்டையை இழுத்தெடுத்துக்கொண்டு, உருளத் தொடங்குகிற ஜீப்பை ஓடிப் பிடித்து ஏற வேண்டும். இப்படியே ஒவ்வொரு சென்றியிலும். நாலாவது சென்றியில் காற்சட்டை பின்பக்கம் கிழிந்தது. ஐந்தாவதில் முழங்கால் உரசி இரத்தம் வந்தது. கந்தளாய்ச் சென்றி இறக்கத்தில் இருந்தது. அங்கே மனுசன் கட்டையோடு முன்னால் ஓட, ஜீப் பின்னால் துரத்திக்கொண்டு வந்தது. இரண்டு ஆமிக்காரர் துவக்கை வைத்துவிட்டு ஓடிவந்து பொனற்றைப் பிடித்துத் தள்ளி நிறுத்தினார்கள்.

கந்தளாய் தாண்டிச் சூரங்கல் பக்கம் திரும்பிய பிறகு, றோட்டு ஓரத்தில் ஒரு மருத மரத்தடியில் ஜீப்பை நிறுத்திக் கட்டை வைத்துவிட்டு, அங்கேயே புல்லில் இருந்துவிட்டார். இடுப்பு நிமிரவில்லை. ஆறு தரம்தான் குதித்திருக்கிறார், அதுவும் காற்சட்டையோடு. அவள் சேலையோடு நாலு வருசம் குதித்தாள். வயிற்றில் பிள்ளை தங்காமல் போன அந்த வருசமும் ஆசுபத்திரிக்குப் போய் வரும்போது அவள்தான் இறங்கினாள், அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இருந்தார். அதை நினைக்க மனுசனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒரு நாளாவது நோகுதோ என்று கேட்டேனா என்று தன்னைத்தானே கேட்டார். கேட்கவில்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

கிண்ணியாவுக்குக் கிட்டக் கடைசிச் சென்றி. அங்கே நின்றவர் ஊர்காவல் படையைச் சேர்ந்த முஹம்மது தம்பி, பாதையடியில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்து பிறகு துவக்குத் தூக்கின ஆள். அவர் ஒருவர்தான் அந்தக் கடிதத்தின் கடைசி வரியைத் தமிழில் வாசித்தவர். வாசித்துவிட்டுக் குலசிங்கத்தின் தோளில் தட்டினார். பாதைக்கு ஏலாதெண்டு தெளிவா எழுதிக் கிடக்கு, கள்ளமா ஏத்திக்கிட்டு வாற ஆக்கள் எத்தனை பேர், நீங்க சட்டத்தை மதிச்சு எழுபது கிலோமீற்றர் சுத்தி வந்திருக்கீங்க என்று புகழ்ந்து, பிளேன்டீயும் வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

ஆலங்கேணி ஒழுங்கைக்குள் இடது பக்கம் திரும்பும்போது ஹோர்ன் அடித்தது. கிணற்றடியில் நின்ற புஷ்பவதி வாளியோடு நிமிர்ந்தாள். ஜீப் வேலிப் படலையடியில் நிற்பதும், புருசன் ஒரு பக்கத்தால் விழுந்து எழும்பிக் கட்டையோடு நொண்டி நொண்டி ஓடிச் சில்லுக்கு வைப்பதும், வைத்துவிட்டு மண்ணிலேயே இருப்பதும், எல்லாவற்றையும் பார்த்தாள். வாளியை வைத்துவிட்டு வந்தாள்.

அவளுக்கு முன்னே அக்காவின் புருசன், அவளுடைய அத்தான் குணரத்தினம் படலைக்கு வந்துவிட்டார். அவர் வாத்தியார், மலைநாட்டில் அற்றன் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வருசம் படிப்பித்தவர். குலசிங்கம் அவரிடம் கடிதத்தை நீட்டி, பாதைக்குத் தகுதியில்லை எண்டுதான் தந்திருக்கினம், ஆனால் பாதை ஏறாமலே வந்திட்டன் என்று விளக்கினார். குணரத்தினம் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் வாசித்தார். எழுதினவர் எந்த ஊர் என்று கேட்டார். மாத்தளை என்றதும் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“தம்பி, மலைநாட்டில பாதை எண்டால் றோட்டு. இது றோட்டிலயே எடுக்கக்கூடாது எண்டு எழுதியிருக்கு.”

குலசிங்கம் மண்ணில் இருந்தபடியே ஜீப்பை நிமிர்ந்து பார்த்தார். எழுபது கிலோமீற்றர். அரசாங்கம் றோட்டில் ஏற்றாதே என்று சீல் குத்திக் கொடுத்த வாகனத்தை, அந்தக் கடிதத்தையே சென்றி சென்றியாகக் காட்டிக் காட்டி ஓடிக்கொண்டு வந்திருக்கிறார். வாசலில் நின்ற அன்னலட்சுமி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திப் பார்த்தாள், ஏலவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வந்து எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுச் சனமும் சிரித்தது.

புஷ்பவதி மட்டும் சிரிக்கவில்லை. அத்தானின் கையிலிருந்து கடிதத்தை வாங்கினாள். தன் புருசனைப்போலக் கடைசி வரிக்கு ஓடாமல் மேலேயிருந்து ஒவ்வொரு வரியாக வாசித்தாள். ஹோர்ன், சிக்னல், ரயர் எல்லாம் தாண்டி ஒரு இடத்தில் நின்றாள். அதைச் சத்தமாகவே வாசித்தாள்.

“ஹாண்ட் பிரேக் இயங்கவில்லை. அதன் வேலையை நான்கு வருடங்களாகத் தமது மனைவியே செய்து வந்ததாகவும், ஒரு நாளும் தவறியதில்லை என்றும் உரிமையாளர் கூறினார். இவ்வாகனத்தில் ஒழுங்காக வேலை செய்தது அது ஒன்றே எனத் தெரிகிறது. தற்போது வாகனத்தில் இல்லை.”

ஒழுங்கையில் சிரிப்பு நின்றுவிட்டது.

“இதை ஆர் சொன்னது?” என்று கேட்டாள்.

“நான்தான்.”

“சொல்லச் சொல்லி ஓபிசர் கேட்டவரோ?”

“ஹாண்ட் பிரேக் எங்கை எண்டுதான் கேட்டவர். மற்றதெல்லாம் நானாய்ச் சொன்னனான்.” குலசிங்கம் எழும்பப் பார்த்தார், இடுப்பு விடவில்லை, இருந்தபடியே சொன்னார். “பதினொரு சென்றி, புஷ்பம். பதினொரு தரம் குதிச்சிட்டன், செத்துப்போனன். உமக்கு நோகுதோ எண்டு நாலு வருசத்தில ஒரு நாள் கேட்டனானோ? அண்டைக்கு உம்மை வெயிலில வைச்சு வதைச்சுப்போட்டு விட்டாங்கள், நான் கட்டையைக் கேட்டன். பிழை என்னிலதான்.”

இத்தனை சனத்துக்கு முன்னால் அவர் இப்படிக் கதைத்து அவள் கண்டதில்லை. தனியாக இருக்கும்போதும் கண்டதில்லை. அவளுக்குக் கண் கலங்கியது, கலங்கினதைக் காட்டக்கூடாதென்று கடிதத்தை நாலாக மடித்தாள். தூக்கிப் போடவில்லை. தன் கைப்பைக்குள் வைத்துப் பூட்டினாள். பிள்ளைகளைக் கூப்பிட்டு, சப்பாத்தைப் போடுங்கோ, வீட்டை போவம் என்றாள்.

குலசிங்கம் கையைக் கொடுக்கச் சொல்லி எழும்பி, பழக்க தோசத்தில் ஜீப் பக்கம் திரும்பினார். அவள் அவருடைய சேட்டுக் கையைப் பிடித்து ஒழுங்கைப் பக்கம் திருப்பினாள். கிண்ணியா வரை பஸ், அங்கிருந்து நடந்து போய்ப் பாதை ஏறுவது, பிள்ளைகள் நடக்கும், நீங்களும் நடப்பீங்கள் என்றாள். கிழிந்த காற்சட்டையை மறைக்க அத்தானின் துவாய் ஒன்றை வாங்கிக் கொடுத்தாள்.

குணரத்தினம் படலையை அடைத்துக்கொண்டு நிற்கிற ஜீப்பைப் பார்த்தார், போகிறவர்களைப் பார்த்தார். அப்ப இதை என்ன செய்யிறது பிள்ளை என்று பின்னால் கூப்பிட்டுக் கேட்டார்.

புஷ்பவதி சின்னவளின் கையைப் பிடித்தபடி திரும்பினாள்.

“நிக்கட்டும் அத்தான்,” என்றாள். “இவ்வளவு காலமும் அதை நான்தான் நிப்பாட்டி வைச்சனான். இனித் தன்ரைபாட்டில நிண்டு பழகட்டும்.”